கேட்டுக்கு வெளியே இரண்டு நாற்காலிகள்

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. வளாகத்தின் பொது இடங்களில் அரசியலும் மதமும் பேசக் கூடாது, எல்லோரும் சகிப்புத்தன்மையோடு நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. நல்ல தாள், பெரிய எழுத்து, லேமினேஷன் வேறு. காலையில் அலுவலகம் கிளம்பும்போது லிஃப்ட்டுக்காக நின்றபடி அதைப் படிக்கிறேன். படிக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கிழித்துப் போட வேண்டும்போல இருக்கிறது. கிழிக்க மாட்டேன். லிஃப்ட் வந்ததும் ஏறிவிடுவேன்.

நான் சத்தம் போடுகிறவள் இல்லை. மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. கோபம் வந்தால் நடந்ததை வரிசைப்படுத்திப் பார்ப்பேன். முதலில் என்ன நடந்தது, அதன் பிறகு என்ன, எந்த இடத்தில் உடைந்தது. இதையும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அப்பா. இந்தத் தெலுங்கு நகரத்தின் லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடவுள் இல்லை என்பதை ஒரு நாள் தவறாமல் யாரிடமாவது சொல்லியாக வேண்டும் அவருக்கு. கருப்புச் சட்டைகள் மட்டும் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன.

அடுத்தது மாமா. சொந்தம் இல்லை, அப்பாவோடு அதே பட்டறையில் அதே பிரிவில் இருந்தவர். நெற்றி நிறைய விபூதி. அப்பா எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறாரோ அதற்கு நேர் எதிர்க் கட்சியின் ஆள். மல்காஜ்கிரியிலிருந்து லாலாகுடாவுக்கு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு, வழி முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள். ஓய்வுக்குப் பிறகு ஒரே அடுக்ககத்தில் எதிரெதிர் பிளாக்கில் வீடு வாங்கினார்கள். "சண்டைக்கு நடந்து போற தூரம்னு பாத்து வாங்கியிருக்காங்க" என்பாள் அம்மா.

சாயங்காலம் ஆனால் பார்க்கிங்கில் ஜெனரேட்டர் ஓரமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி விழும். வாழ்நாள் முழுக்கச் சுத்தியல் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்கள். அவர்கள் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னாய்யா நாத்திகம், உங்க கட்சி ஆளுங்க வூட்டம்மாங்க எல்லாம் எங்க கோயில் வரிசையிலதான் நிக்கறாங்க. அதுவும் ஸ்பெஷல் டிக்கெட்டு."

"நிக்கட்டும்யா. துட்டு குடுத்தா சீக்கிரம் பாக்கறதுக்கு அது சாமியா, தாசில்தாரா?"

"வாய் அழுகிடும்டா உனக்கு."

"ஹவ், ஆமா. நீ எண்ணெ தடவி உடு."

இதை யாராவது அழகான நட்பு என்று சொன்னால் எனக்குப் பிடிக்காது. மாமா பேசுகிற அரசியல் பல நாள் எனக்குக் குமட்டியிருக்கிறது. எங்கள் தெருவில் பழ வண்டி தள்ளும் முஸ்லிம் பெரியவரைப் பற்றி ஒருமுறை அவர் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்கு அப்பா நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு மேலே வந்துவிட்டார். கொஞ்ச நாள் கீழே இறங்கவில்லை. பிறகு மாமா அதே வண்டியில் சீதாப்பழம் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றார். கருத்தை மாற்றிக்கொண்டாரா என்றால் இல்லை. பழம் வாங்கினார், அவ்வளவுதான். அப்பாவும் பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையைத் துப்பிக்கொண்டே, அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

சண்டை பார்க்கிங்கோடு நிற்க வேண்டும் என்பது அம்மாவின் விதி. எங்கள் ஹாலில் அம்மாவின் சாமிப் படங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அப்பா சண்டைக்கு வாய் திறக்கக் கூடாது. கல்யாணமான புதிதில் போட்ட விதி. அப்பா அதை மீறியதே இல்லை.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் ஓரளவு மீண்டன. பேச்சு மீளவில்லை. நாம் சொல்வது புரியும், அவருக்குச் சொல் வராது. காபி வேண்டும் என்றால் "அது... அது..." என்று ஜன்னலைக் காட்டுவார். ஜன்னலைத் திறந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த தெலுங்குப் பெண் பட அட்டைகள் கொண்டுவந்தாள். குடை, நாய், சாவி. அப்பா மூன்று மொழி பேசியவர். தெலுங்கில் கேட்டால் விழித்தார், இந்தியில் கேட்டாலும் விழித்தார். தமிழில் கேட்டால் மட்டும் உதடு அசைந்தது. வீட்டில் இவரோடு தமிழில் யார் அதிகம் பேசுவார்கள் என்று அவள் கேட்டாள். எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. நான் பகல் முழுக்க அலுவலகத்தில் இருப்பேன். அம்மா அதிகம் பேசாதவள். அடுக்ககத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும். மிச்சம் இருந்தவர் மாமா ஒருவர்தான்.

பேச்சே இல்லாத அப்பாவிடம் அரசியலும் இல்லை என்பதால் மாமா அப்போது வீட்டுக்குள்ளேயே வந்து போனார். ஒருநாள் கோயிலிலிருந்து நேராக வந்தார், கையில் விபூதிப் பொட்டலத்தோடு.

"இத்தன வருஷம் தப்பிச்சிக்கினே இருந்த. இப்ப வாயும் இல்ல, ஓடறதுக்குக் காலும் இல்ல. யாரு கேக்கப் போறா?" என்று விரலில் விபூதியைத் தொட்டுக்கொண்டு அப்பாவின் நெற்றிக்குக் குனிந்தார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லாத மனிதனின் நெற்றியில் பூச வருகிறாரே. மாமாவின் மணிக்கட்டைப் பிடிக்க எழுந்து ஓடினேன். அதற்குள் ஒரு கரகரத்த குரல் வந்தது.

"கைய எட்றா, சாமியாரே."

அப்பாவுடைய குரல். மாமாவின் விரலிலிருந்து விபூதி உதிர்ந்து அப்பாவின் பனியன்மேல் விழுந்தது. "பேசிட்டான்மா. திட்டிட்டான்மா" என்று அம்மாவைப் பார்த்து அழுதுகொண்டே செருப்புகூடப் போடாமல் கிளம்பிப் போனார். திரும்பி வரும்போது கையில் உடைத்த தேங்காய் மூடி இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். வாயை நாலு கோணத்தில் இழுத்து, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து வந்தார்.

"எதுக்கு... என்... பேர்ல... தேங்கா?"

"உன் பேர்ல இல்லய்யா. உன் பேரச் சொன்னா சாமியே எழுந்து போயிடும். என் பேர்ல ஒடச்சேன்."

மாமா அன்றைக்கு உண்மையாகவே பூச வந்தாரா, சீண்டத்தான் வந்தாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் எனக்குக் கோபம் வரும்.

பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். தானாக வருகிற சொல் வேறு, கேட்டு வரவழைக்கிற சொல் வேறு என்று விளக்கினாள். குடை என்று சொல்லுங்கள் என்றால் வராது. கோபத்திலோ பதற்றத்திலோ இருக்கும்போது நம்மை மீறி வந்துவிடும். "இவருக்குக் கோபம் மூட்டுகிற ஆளை விட்டுவிடாதீர்கள்" என்றாள். இந்த இடத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அடுக்ககக் கூட்டத்தில் நான் இதை விளக்கினேன், ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை.

மறுபடி பார்க்கிங்கில் நாற்காலி விழுந்தது. மாமா பேப்பரோடு வருவார். தன் கட்சியைப் புகழ்ந்து எழுதிய பத்தியாகத் தேடி உரக்கப் படிப்பார். அப்பா முகம் சிவந்து, தொண்டை நரம்பு புடைத்து, ஒரு சொல்லைப் பிடுங்கி எறிவார். மாமா காத்திருப்பார். அந்த மனிதர் காத்திருந்த மாதிரி நான்கூட அப்பாவுக்காகக் காத்திருந்ததில்லை. நான் பொறுமை இழந்து சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். மாமா கொடுக்க மாட்டார். "எனக்கு எதிரா பேசறதுக்கு நானே எடுத்துக் குடுக்கணுமா? நீயே தேட்றா" என்பார்.

திரும்பி வந்த சொற்களை வந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். பொய். எவன் சொன்னான். திருட்டுப் பசங்க. வரி. தாசில்தார். அதற்கெல்லாம் பிறகுதான் காபி. அதற்கும் பிறகு, என்னைக் கூப்பிடும் 'பாப்பா'. திட்டுகளுக்குப் பின்னால் நின்று வந்தது என்பதற்காக அந்தச் சொல் எனக்கு மட்டமாகத் தெரியவில்லை.

அப்போதுதான் அந்த வீடியோ வந்தது.

பக்கத்துத் தெருவில் திருவிழா. ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. மாமா ஏதோ பெருமையாகச் சொல்ல, அப்பா கையை ஊன்றி நிமிர்ந்து, "உன் சாமிக்கு... காது... கேக்காது. அதான்... மைக் செட்டு... கட்ற" என்றார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேசியதில் அதுதான் மிக நீளமான பேச்சு. மாமா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். முதல் மாடி பால்கனியிலிருந்து ஓர் இளைஞன் இதைப் படம் எடுத்தான். சிரிப்புக்கு முன்னால் வெட்டிவிட்டு அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அவன் மாமாவின் கட்சி. நம் கடவுளை இழிவுபடுத்துகிறவரோடு ஒரே வளாகத்தில் எப்படி வாழ்வது என்று கேட்டிருந்தான்.

அதற்குப் பதிலாக அப்பாவின் கொள்கைக்காரர் ஒருவர் எழுதினார். படுத்த படுக்கையிலிருந்து எழுந்த நோயாளியைத் தினமும் சீண்டித் துன்புறுத்தும் மதவெறியரை யார் தட்டிக் கேட்பது என்று. பிறகு எமோஜிகள்: கட்டைவிரல்கள், கூப்பிய கைகள், தீப்பிழம்புகள். குழு இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. அப்பாவிடமோ மாமாவிடமோ ஒருவர்கூடக் கேட்கவில்லை. கீழே வந்து கேட்க லிஃப்ட் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கிங்கிலேயே கூட்டம் போட்டார்கள். சங்கத்தின் செயலாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், பெரிய ஐடி நிறுவனத்தில் மேனேஜர், குரலை உயர்த்தவே மாட்டார். அவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. யாரையும் குத்தம் சொல்லலீங்க. பெரியவரு ஒரே ஒரு சாரி சொல்லிட்டா எல்லாருக்கும் மனசு ஆறிரும். ஒரு வார்த்தைதானுங்களே" என்றார்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சொல்லத் தயாராகத்தான் இருந்தார், அது எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்கச் சொன்னால் சொல்லிவிடுவீர்களா என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே கேட்டிருந்தேன், தலையாட்டினார். யாரோடும் சங்கடம் வேண்டாம் என்பது அவர் எண்ணம். வாயைத் திறந்தார். "ச..." என்றார். "அது... அது..." என்றார். இடது கை காற்றில் எதையோ தேடியது. மூடினார். மறுபடி திறந்தார். ஒருவர் போனைப் பார்த்தார். யாரோ ஒரு பெண் உச்சுக்கொட்டினாள்.

நான் விளக்கினேன். தானாக வரும் சொல், கேட்டால் வராத சொல், பயிற்சிக்கு வருகிற பெண் சொன்னது எல்லாம். நிதானமாக, ஒன்று, இரண்டு என்று சொன்னேன்.

செயலாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "புரியுதுங்க. ஆனா வீடியோல நல்லாத்தான பேசறாரு? சாமியத் திட்டறதுக்கு வர்ற பேச்சு, சாரி சொல்றதுக்கு மட்டும் வராதுங்களா?"

பார்க்கிங்கில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எல்லோருக்கும் அந்தக் கேள்வி நியாயமாகப் பட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பட்டறையில் மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்ற மனிதர், நிரூபிக்க வழி தெரியாத குற்றவாளி மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமாதான் எழுந்தார். "சாரி யாருக்குப்பா கேக்கற?"

"மனசு புண்பட்டவங்களுக்குங்க."

"திட்டு வாங்குனது நானு. என் சாமி. நான் கேட்டனா?"

வீடியோ எடுத்த இளைஞன் குறுக்கே வந்தான். "மாமா, நீங்க நம்ம ஆளு. உங்களுக்காகத்தான் போட்டேன்."

"எனக்காகவா? கைக்கு, எதுக்கு? நான் சிரிச்சத ஏன்டா வெட்டுன?"

அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மாமா அப்பாவின் கொள்கைக்காரரின் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணு எழுதியிருந்தியே, இவன நான் கொடுமப்படுத்தறேன்னு. இவன் ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீ எத்தினி வாட்டி வந்த?"

மாமா சொன்னதால் எதுவும் மாறிவிடவில்லை. செயலாளர் எல்லோருக்கும் நன்றி சொல்லி, இனி பொது இடத்தில் அரசியலும் மதமும் பேசக் கூடாது என்று ஒரு தீர்மானம் படித்தார். குழுவில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்த இரண்டு தரப்பும் முதல்முறையாக ஒன்றாகக் கை தூக்கின. கை தட்டினார்கள். எதிரெதிர் நம்பிக்கைக்காரர்கள் இணங்கிப்போன அந்த நல்ல காலையில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம், இரண்டு கிழவர்களின் வாயை அடைத்தது.

மறுநாளிலிருந்து நாற்காலி விழவில்லை. மாமா வீட்டுக்கு அப்பா போக முடியாது. குழுவில் தலைகுனிவாகிவிட்டது என்று மாமாவின் மகன் அந்த வீட்டில் இவர்கள் பேச்சைத் தடுத்துவிட்டான். மாமா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். இருவரும் டிவியைப் பார்த்தார்கள். சாமிப் படங்களுக்கு முன்னால் பேச்சு எங்கே வரும்? கொஞ்ச நாளில் 'வரி' போனது. 'தாசில்தார்' போனது. ஒரு காலையில் அப்பா என்னைப் பார்த்து "அது... அது..." என்றார். காபியா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

அன்றைக்கு அம்மாவிடம் கேட்டேன். "உன் விதியக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையேன். இங்கயே பேசட்டும்."

"முடியாது."

"அப்பா பேச்சவிட உனக்கு உன் சாமி முக்கியமா?"

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தினாள். "அவரு பேச்சு வரணும்னு நான் வேண்டிக்கறதே அதுங்கிட்டதான். அதுங்க மூஞ்சிக்கு நேரா உக்காந்து அவர் அதுங்களத் திட்டணும், நான் உள்ள நின்னு சப்பாத்தி போடணுமா? இத்தன வருஷமா அந்த மனுஷன் பேசறதெல்லாம் எனக்கு இனிக்குதுன்னு நெனச்சியா? எனக்குன்னு கேட்டது இந்த ஒரு செவுருதான். அத உடமாட்டேன்."

அம்மாமேலும் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபம் வெகுநேரம் நிற்கவில்லை. அம்மா யாரையும் பேசாதே என்று சொல்லவில்லை. தனக்கு எங்கே வலிக்கும் என்று சொன்னாள், முகத்துக்கு நேராகச் சொன்னாள். அப்பாவும் அதை மதித்து இத்தனை வருடம் படியிறங்கிப் போனார். தீர்மானம் போட்டவர்களில் யாருக்கு எங்கே வலித்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் அறிவிப்பின் முன்னால் போய் நின்றேன். இந்த முறை அலுவலகத்தில் படிப்பது போலப் படித்தேன். எந்த விதிக்கும் ஓர் எல்லை இருக்கும். எல்லைக்கு ஒரு புள்ளி உள்ளே, ஒரு புள்ளி வெளியே வைத்துப் பார்ப்பது என் தொழில். 'வளாகத்தின் பொது இடங்களில்' என்று எழுதியிருந்தது. வளாகம் கேட்டோடு முடிகிறது. கேட்டுக்கு வெளியே மாநகராட்சியின் சாலை. அங்கே ஒரு வேப்பமரம், அதன் கீழே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பெண்மணி. அவரிடம் கேட்டேன். "சண்ட போடுவாங்களா? போடட்டும், எனக்குப் பொழுது போகும்" என்று தெலுங்கில் சொல்லி வண்டியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சீக்கிரம் வந்து இரண்டு நாற்காலிகளையும் நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். லிஃப்ட்டிலிருந்து ஜெனரேட்டர் ஓரத்துக்கு அப்பா பத்தடி நடந்தால் போதுமாக இருந்தது. இப்போது சரிவில் இறங்கி, வேகத்தடை தாண்டி, கேட்டைக் கடந்து போக வேண்டும். நாலு கால் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி, நின்று மூச்சு வாங்கி, அவர் அந்தத் தூரத்தைக் கடந்ததை மாடிகளிலிருந்து பலர் பார்த்தார்கள். படம் எடுத்தார்களா தெரியாது. எடுத்திருந்தால் நடையை வெட்டியிருப்பார்கள்.

மாமா ஏற்கெனவே பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். "வாய்யா. நாடு கடத்திட்டாங்க நம்மள."

செயலாளரின் கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. "ஏனுங்க, இங்க எதுக்குங்க..."

"கேட்டுக்கு வெளியேதான் இருக்கோம். விதிய நல்லாப் படிச்சேன்" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. விதிக்காகச் சொல்லலீங்க. ஒரு நல்லிணக்கத்துக்காக..."

"தப்பாத்தான் எடுத்துக்கிட்டேன்" என்றேன். பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. கண்ணாடி ஏறியது.

அப்பா உட்காரப் போனார். ஊன்றுகோல் மண்ணில் சரிந்து மாமாவின் கால் விரலில் இறங்கியது. மாமா அலறினார்.

"சாரிடா, சாரி" என்றார் அப்பா.

தெளிவாக, திக்காமல், ஒன்றுக்கு இரண்டாக. நான் காரைத் தேடித் திரும்பினேன். அது பார்க்கிங்குக்குள் போய்விட்டிருந்தது. ஓடிப்போய் அந்த மனிதரை இழுத்து வந்து கேளுங்கள் என்று நிறுத்த வேண்டும்போல இருந்தது. கேட்டாலும் என்ன சொல்லியிருப்பார்? பாருங்கள், வருகிறதே என்றுதான் சொல்லியிருப்பார்.

மாமா விரலைத் தேய்த்துக்கொண்டே அப்பாவை முறைத்தார். "அடப்பாவி, இப்ப சொல்ற. அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா உள்ள நெழல்ல உக்காந்திருக்கலாமேடா."

"நக்கோ" என்றார் அப்பா, வேண்டாம் என்று தலையை ஆட்டி. கொஞ்சம் தேடினார். மாமா எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தார். "அவனுங்களுக்கு... எதுக்கு... சாரி?"

"அதுவும் சரிதான்" என்று மாமா பேப்பரை உதறி விரித்தார். "கேளு, எங்க ஆளு நேத்து இன்னா பேசியிருக்காருன்னு."

சாலையில் போன லாரியின் புழுதி இரண்டு பேர்மேலும் படிந்தது. அப்பா இருமினார். இருமி முடித்ததும், தொண்டை நரம்பு புடைக்க, பொய் என்றார். நான் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வரப்போகும் மழைக்காலத்தில் இவர்களை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்தேன். கேட்டுக்கு உள்ளே, ஜெனரேட்டர் ஓரமாக, கூரைக்குக் கீழே, அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.